ஜீன் க்ரூபா: ஜெயிலில் இருந்து 'டிரம் பேட்டில்' வரை... ஒரு டிரம்மர் மீண்டு வந்த கதை!

இசைக்குழு என்றாலே பாடகர் முன்னால், டிரம்ஸ் பின்னால். இதுதான் நமக்குப் பழகிய காட்சி. அந்த டிரம்ஸை மேடையின் முன்வரிசைக்கு இழுத்து வந்தவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜீன் க்ரூபா. புகழின் உச்சியில் ஜெயிலுக்குப் போனவர், பிறகு 3 பேர் குழுவோடு அதே மேடையில் கைதட்டல் வாங்கினார். யார் இவர்?

பாதிரியார் ஆக வேண்டியவர்

1909 ஜனவரி 15-ல் சிகாகோவில், போலந்து வம்சாவளிக் குடும்பத்தின் 9 குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. க்ரூபாவின் மனசோ டிரம்ஸில் இருந்தது.

1934-ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே குட்மேன், டெடி வில்சன், க்ரூபா என ஒரு 'ட்ரையோ' உருவானது. வில்சன் கறுப்பினப் பியானோ கலைஞர். நிறவெறி உச்சத்தில் இருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. 1938 ஜனவரியில் கார்னெகி ஹாலில் வாசித்த 'சிங் சிங் சிங்' அவரை ஸ்டார் ஆக்கியது. சில மாதங்களிலேயே சொந்தக் குழு தொடங்கினார்.

ஒரே கைதில் எல்லாம் போச்சு

1943-ல் சான் பிரான்சிஸ்கோவில் கஞ்சா வழக்கில் கைதானார். சுமார் 3 மாதம் சிறை. குழுவும் கலைந்தது. முக்கியக் குற்றச்சாட்டில் கிடைத்த தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

ரசிகர்கள் ஏற்பார்களா என்ற பயத்தோடுதான் மீண்டும் மேடை ஏறினார். கிடைத்ததோ பலத்த கரவொலி! 1944-ல் மறுபடி சொந்தக் குழு. அதற்குள்ளேயே சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் மட்டும் கொண்ட ஒரு ட்ரையோவும் வைத்திருந்தார். பெரிய குழுக்களை நடத்துவது கட்டுப்படியாகாமல் போக, 1951-ல் தன் குழுவைக் கலைத்தார். கைவசம் மிஞ்சியது அந்தச் சின்ன ட்ரையோ பாணிதான்.

பேஸ் இல்லாத ட்ரையோ

1952 செப்டம்பரில் மீண்டும் கார்னெகி ஹால். வில்லி ஸ்மித் சாக்ஸபோன், ஹேங்க் ஜோன்ஸ் பியானோ, க்ரூபா டிரம்ஸ். மின்சார வாத்தியம் கிடையாது. பேஸ் கூடக் கிடையாது. அதனால் அடிநாதத்தை க்ரூபாவின் கால் டிரம்மும் பியானோவின் இடது கையும்தான் தாங்க வேண்டும். ஒருவர் தடுமாறினாலும் உடனே தெரிந்துவிடும்.

வாசித்தவை பெரும்பாலும் 'ஸ்டாண்டர்ட்ஸ்'. அதாவது, ஜாஸ் கலைஞர்கள் எல்லோருக்கும் தெரிந்த, ஒவ்வொருவரும் தன் பாணியில் மாற்றி வாசிக்கும் பழைய மெட்டுகள். 'ஐடஹோ', டியூக் எலிங்டனின் 'சொஃபிஸ்டிகேட்டட் லேடி', 'ஃப்ளையிங் ஹோம்' ஆகியவை இதில் உண்டு.

அதே இரவில் பட்டி ரிச்சுடன் டிரம்ஸ் மோதலும் நடந்தது. வேகத்தில் ரிச்சின் கைதான் ஓங்கியது என்பது பலரின் கருத்து. ஆனால், டிரம்ஸைக் கேட்பதற்கென்றே கூட்டம் வரும் என்ற நிலையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் க்ரூபா. இந்த லைவ் பதிவு பிறகு 'தி டிரம் பேட்டில்' ஆல்பமாக வந்தது.

கடைசி வரை டிரம்ஸ்

1954-ல் கோசி கோலுடன் சேர்ந்து நியூயார்க்கில் டிரம்ஸ் பள்ளி தொடங்கினார். 1959-ல் அவர் வாழ்க்கை சினிமாவாக வந்தது. படத்தில் கேட்கும் டிரம்ஸ் அவரே வாசித்தது. 1960-ல் மாரடைப்பு, பிறகு ரத்தப் புற்றுநோய். ஆனாலும் 1973-ல் குட்மேனுடன் மீண்டும் மேடை ஏறினார். அதே ஆண்டு அக்டோபர் 16-ல், 64 வயதில் காலமானார்.

இன்று எந்தக் கச்சேரியிலும் டிரம்மருக்கென்று தனியாக சில நிமிடங்கள் ஒதுக்குகிறார்களா? அந்த வழக்கத்தைப் பரவலாக்கியவர்களில் க்ரூபா முக்கியமானவர்.