தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்

மழைக்காலம் பிறந்துவிட்டால் பாலசமுத்திரத்தில் நம் வீட்டு வாசலுக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வருவார். கையில் டார்ச் விளக்கும் தோள்பையில் அபேட் மருந்தும் இருக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பார். நாமோ எல்லாம் மூடித்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லி, நடையைத் தாண்ட விடாமல் அவரை அனுப்பிவிடுகிறோம். அடுத்த வீட்டிலும் அதே பதில்தான் அவருக்குக் கிடைக்கிறது. வெயிலில் தெருத் தெருவாக நடக்கும் அவர் நமக்கு ஒரு தொந்தரவாகத் தோன்றுகிறார்.

அவர் எட்டிப் பார்க்க விரும்பும் அந்தத் தொட்டிக்குள் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் அடுத்த முறை அவரை வாசலோடு அனுப்ப நமக்கு மனம் வராது. ஆகையால் இம்மாதம் டாக்டர் ரொனால்டு ராஸ் என்பவரின் வாழ்க்கையை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

பழனிமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்குக் காய்ச்சல் புதியதன்று. 1809 முதல் 1811 வரை திண்டுக்கல், மதுரை, கோயமுத்தூர், திருநெல்வேலிச் சீமைகளில் கொடிய காய்ச்சல் ஒன்று பரவி, ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. கும்பெனி அரசாங்கம் ஒரு மருத்துவக் குழுவை அமைத்துக் காரணத்தை ஆராயச் சொன்னது. ஈர நிலத்திலிருந்தும் அழுகும் தழைகளிலிருந்தும் எழும் கெட்ட காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்பதுதான் அக்கால மருத்துவர்களின் முடிவு. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலி மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானல் மலைமேல் வீடு கட்டிக்கொண்டதும் சமவெளியின் நோய்களுக்கு அஞ்சித்தான். வசதியுள்ளவர் மலையேறித் தப்பலாம். வயலை விட்டு நகர முடியாத ஏழை எங்கே போவார்? காரணம் தெரியாதவரை அவருக்கு வழியில்லை.

அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவர்தான் ராஸ். இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் 1857 மே 13 அன்று அவர் பிறந்தார். தந்தை ஆங்கிலேயரின் இந்தியப் படையில் உயர் அதிகாரி. எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட மகனுக்குக் கவிதையிலும் இசையிலும் கணக்கிலும்தான் ஆசை. தந்தையின் சொல்லைத் தட்ட முடியாமல் லண்டனில் மருத்துவம் படித்தார். மனம் ஒட்டாமல் படித்த படிப்புத்தான். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். சிப்பாய்களின் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும், மிகுந்த நேரத்தில் கவிதை எழுதுவதுமாக நாட்கள் கழிந்தன.

1883-இல் அவர் பெங்களூரில் இருந்தார். தங்கியிருந்த பங்களாவில் மற்ற அறைகளைவிடத் தம் அறையில் மட்டும் கொசு அதிகமாக இருப்பதைக் கவனித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்; கொசுக்கள் வெகுவாகக் குறைந்தன. அதிகாரிகள் உணவருந்தும் இடத்திலும் இவ்வாறே செய்யலாமே என்று மேலதிகாரி ஒருவரிடம் யோசனை சொன்னார். அவரோ இயற்கையின் ஒழுங்கில் கை வைக்கக் கூடாது, கொசு படைக்கப்பட்டதே நாம் பொறுத்துக்கொள்வதற்காகத்தான் என்ற பாங்கில் மறுத்துவிட்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்த அதிகாரியின் பேச்சு நமக்கும் பழக்கமானதுதான். வருவது வரட்டும், எல்லாம் விதிப்படி நடக்கும் என்று சொல்லித் தொட்டியைத் திறந்தே வைத்திருப்பவர்கள் நம்மில் இல்லையா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் என்று சொல்வது சோம்பலுக்கு நாம் சூட்டும் நல்ல பெயரேயாகும்.

கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பது அன்று ராஸுக்கே தெரியாது. 1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் லாவரான் என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர், காய்ச்சல்காரரின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கிருமி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு எப்படிச் செல்கிறது என்பதுதான் விளங்கவில்லை. 1894-இல் விடுமுறையில் லண்டன் சென்றிருந்த ராஸுக்கு, பாட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவர் அக்கிருமியைக் காட்டி, கொசுவே அதைச் சுமக்கக்கூடும் என்ற தம் ஊகத்தையும் சொன்னார். முப்பத்தேழு வயதுவரை மனம் அலைந்துகொண்டிருந்த ராஸுக்கு அன்று ஒரு நோக்கம் கிடைத்தது.

1895-இல் செகந்திராபாத் வந்து வேலையைத் தொடங்கினார். காய்ச்சல்காரர்களைக் கொசுவலைக்குள் படுக்கவைத்துக் கொசுக்களைக் கடிக்கவிடுவார். பிறகு ஒவ்வொரு கொசுவாக அறுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்ப்பார். இடையில் காலரா பரவிய பெங்களூருக்கு ஊர்ச் சுத்த வேலைக்காக அனுப்பப்பட்டார். 1897-இல் நீலகிரியின் சீகூர்க் கணவாய்க்கு ஆராய்ச்சிக்குச் சென்றபோது அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. இரண்டாண்டு உழைப்புக்குப் பின்னும் கையில் ஒன்றுமில்லை. அவர் ஆராய்ந்த கொசுக்கள் வேறு இனத்தைச் சேர்ந்தவை என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

மீண்டும் செகந்திராபாத். ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் பங்கா போடவும் வழியில்லை. காற்றடித்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். வியர்வையால் கண்ணாடிக் கருவியின் திருகாணிகள் துருப்பிடித்தன. கருவியின் கண்வில்லையிலும் விரிசல். அந்நிலையில் அவருடைய ஆட்கள் தேங்கிய நீரிலிருந்து கொண்டுவந்த புழுக்களிலிருந்து, இறகில் புள்ளியுள்ள புதுவகைக் கொசுக்கள் வெளிப்பட்டன. அனாபிலிஸ் என்று இன்று நாம் சொல்லும் இனம் அது.

ஹுசைன் கான் என்றொரு நோயாளி மருத்துவமனையில் இருந்தார். அவருடைய இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. 1897 ஆகஸ்டு 16 அன்று அவர் வலைக்குள் படுத்துப் புள்ளிக் கொசுக்கள் தம்மைக் கடிக்க உடம்பைக் கொடுத்தார். கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. பத்துக் கொசுக்கள் குடித்தன, பத்தணா கிடைத்தது.

அக்கொசுக்களை ராஸ் நாள்தோறும் சிலவாக அறுத்துவந்தார். ஆகஸ்டு 20 அன்று மிஞ்சியவை இரண்டு. அவற்றுள் ஒன்றை அறுத்து உறுப்பு உறுப்பாகத் தேடிக் கடைசியில் இரைப்பைக்கு வந்தார். இரைப்பைச் சுவரில் வட்ட வட்டமாகச் சில அணுக்கள் தெரிந்தன. அவற்றினுள் கருநிறப் பொடிகள். மலேரியாக் கிருமியில் காணப்படும் அதே கருமை. மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தபோது அவ்வணுக்கள் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. மனிதனைப் பிடித்த கிருமி கொசுவின் உடலில் உயிரோடு வளர்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஆகஸ்டு 20-ஐத்தான் உலகக் கொசு நாள் என்று இன்று நினைவுகூர்கிறார்கள்.

பெரிய கண்டுபிடிப்புக்குப் பரிசாக ராஸுக்குக் கிடைத்தது ஓர் இடமாற்ற உத்தரவு. ஒரு மாதத்திலேயே மலேரியா அரிதாக இருந்த ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு அனுப்பப்பட்டார். பல மாதங்கள் வீணாயின. மேன்சன் லண்டனில் முயன்றதன் பேரில் 1898 தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் கிடைத்தது. அங்கே வேறொரு தடை. பம்பாயில் 1896-இல் தோன்றிய பிளேக் நோயின் பீதி கல்கத்தாவையும் பற்றியிருந்தது. ஊசி என்றாலே மக்கள் ஓடினார்கள். இரத்தம் எடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆகவே பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார்.

இக்காலத்தில் அவருக்குத் துணையாக நின்றவர்களில் முஹம்மது பக்ஷ் என்ற பணியாளரும் ஒருவர். கொசுப் புழுக்களைத் தேடிக் குட்டையும் சாக்கடையுமாக அலைவதும், குருவிகளைப் பராமரிப்பதும் இத்தகைய துணைவர்களின் வேலை. 1898 ஜூலையில் கிருமியின் பயணம் முழுவதும் தெரிந்துவிட்டது. கொசுவின் இரைப்பையில் வளரும் கிருமி அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. அடுத்த கடியில் புது உடலுக்குள் இறங்குகிறது. நோயுற்ற பறவையைக் கடித்த கொசுக்கள் நலமுள்ள குருவிகளைக் கடித்தபோது அவையும் நோயுற்றன. அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராசியும் அவருடைய தோழர்களும் மனிதரின் மலேரியாவும் இதே வழியில் வருவதை நிறுவினார்கள். யாருக்கு முதன்மை என்பதில் ராஸும் கிராசியும் நெடுநாள் கசப்புடன் சண்டையிட்டது வருந்தத்தக்க செய்தி.

1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1911-இல் சர் பட்டமும் வந்தது. ஹுசைன் கானின் கூலி பத்தணாவோடு முடிந்தது. ஆனால் அந்தப் பத்துக் கொசுக்களால் பயனடைந்த மனிதர்களை யாரால் எண்ண முடியும்?

கண்டுபிடிப்பு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்பது ராஸின் கொள்கை. எகிப்தில் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்தார்கள். 1902-இல் அங்கே சென்ற ராஸ் சொன்ன யோசனைப்படி குட்டைகள் தூர்க்கப்பட்டன. கழிவு நீருக்கு வழி செய்யப்பட்டது. தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது. சில ஆண்டுகளில் அந்நகரில் மலேரியா ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட மொரிஷியஸ் தீவுக்கும் 1907-இல் சென்று வழி சொன்னார்.

அவருடைய கடைசிக் காலம் எளிதாக இல்லை. மூத்த மகனை 1914-ஆம் ஆண்டுப் போரில் பறிகொடுத்தார். நாடு தமக்கு உரிய ஊதியம் தரவில்லை என்ற மனக்குறை அவரைவிட்டு நீங்கவில்லை. 1928-இல் தம் கடிதங்களையும் குறிப்புகளையும் விலைக்குக் கொடுக்கும் நிலை வந்தது. 1931-இல் மனைவி மறைந்தார். 1932 செப்டம்பர் 16 அன்று லண்டனில் ராஸின் உயிர் பிரிந்தது.

அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1934-35-இல், இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே இலங்கை இடைவிடாத உழைப்பால் 2016-இல் மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இஸ்மாயிலியா இருக்கும் எகிப்தும் 2024-இல் அச்சான்றைப் பெற்றது. நம் நாட்டின் கதை ஓர் எச்சரிக்கை. விடுதலையடைந்த 1947-இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வாடினர். 8 லட்சம் பேர் மாண்டனர். 1953-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சமாகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று கவனம் தளர்ந்தது. மருந்துக்குக் கொசுக்களும் பழகிப்போயின. 1976-இல் எண்ணிக்கை 64 லட்சமாக ஏறிவிட்டது. அதன்பின் மீண்டும் பாடுபட்டுத்தான் அதைக் குறைக்க நேர்ந்தது. உலகில் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேர் இந்நோயால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அவர்களுக்காக இரண்டு தடுப்பூசிகள் இப்போது வந்துள்ளன. அவற்றுள் ஒன்று நம் புனே நகரில் தயாராகிறது.

மருந்தும் தடுப்பூசியும் அரசாங்கத்தின் வேலை. தொட்டி நம் வேலை. டெங்குவைப் பரப்பும் கொசுவும், நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகையும் நாம் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரிலேயே முட்டையிடுகின்றன. முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை அண்டாவையும் குடத்தையும் தொட்டியையும் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு நிரப்பினாலே போதும். கழுவ முடியாத பெரிய தொட்டியை இடைவெளியின்றி மூட வேண்டும். பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்ய வரும்போது நீரில் புழு நெளிகிறதா என்று பார்ப்பதும், மோதினாரிடம் சொல்லிவிட்டுப் போகாமல் கழுவக் கை கொடுப்பதும் நம் பொறுப்பே. இரவில் பாத்திரங்களை மூடிவையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். கேட்டதைச் செய்வதற்கு இன்னொரு காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த வாரம் அந்தப் பணியாளர் மீண்டும் வருவார். கதவைத் திறப்போம். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தொட்டியின் மூடியை நாமே எடுத்துக் காட்டுவோம். புழு இருந்தால் வெட்கப்படாமல் கவிழ்ப்போம். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் நம் ஊரையும் கொடிய நோய்களைவிட்டுக் காப்பானாக! ஆமீன்.