குழந்தைகளை நம்பிய மருத்துவர்

அகன்ற நீர்த்தொட்டி ஒன்றில் பொம்மைகள் மிதந்துகொண்டிருந்தன. குழந்தைகள் அதனைச் சூழ்ந்து நின்று மகிழ்ந்தனர். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் வெளியே தனித்து நின்றான். கூட்டத்துள் நுழைய முயன்றான், இயலவில்லை. சுற்றிலும் நோக்கினான். ஒரு சிறு நாற்காலி தென்பட்டது. அதன்மேல் ஏறி நின்று பார்க்கலாம் என்று தோன்றியதும் அவன் முகம் மலர்ந்தது. அதற்குள் ஆசிரியை விரைந்து வந்து, அவனைத் தூக்கிப் பொம்மைகளைக் காட்டிவிட்டார். பொம்மைகளை அவன் கண்டான். முகத்தின் மலர்ச்சியோ மறைந்துவிட்டது. தானே வழி கண்டு வெல்லும் இன்பத்தை அன்பின் பெயரால் அவன் இழந்தானே என வருந்தினார், அருகிருந்து கண்ட அம்மையார் ஒருவர். அவரே மரியா மாண்டிசோரி.

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் கற்பது அரிதாயிருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைக் கடந்து 1896இல் ரோம் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி செல்லும் வயது வராத சிறுவர்கள் கவனிப்பாரின்றித் திரிந்தனர். சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களுக்காக அக்குடியிருப்பிலேயே 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை மரியா ஏற்றார்.

அங்கே அவர் செய்தவை பலரைத் திடுக்கிடச் செய்தன. பிஞ்சுக் கைகளில் பீங்கான் தட்டுகளையும் கண்ணாடிக் குவளைகளையும் கொடுத்தார். விழுந்தால் உடையுமே என்று அஞ்சினர் பெரியோர். உடையும் என்பதனால்தான் கொடுத்தார் மரியா! உடையாத தகரக் குவளையை எப்படி ஏந்தினாலும் குழந்தைக்குத் தன் பிழை தெரியாது. தரையோடு பிணைத்த கனத்த பலகைகளை நீக்கி, இடித்தால் சாயக்கூடிய இலேசான நாற்காலிகளை இட்டார். சில நாள்களில் குழந்தைகள் ஓசையின்றி நடமாடக் கற்றனர்.

ரோமில் அவரது இல்லங்களுள் ஒன்றின் தோட்டப் பாதையோரம் கம்பிவேலி இருந்தது. களைத்த குழந்தைகள் உட்கார்ந்து இளைப்பாறவில்லை. ஓடிச் சென்று மேற்கம்பியைப் பற்றி, கீழ்க்கம்பியில் கால் வைத்துப் பக்கவாட்டில் நகர்ந்து மகிழ்ந்தனர். நாமாயின் இறங்கு, இறங்கு என்று கூவியிருப்போம்! மரியா சற்று நேரம் நின்று கவனித்தார். பின்னர், அதே விளையாட்டுக்கென வேலி ஒன்றை அமைக்கச் செய்தார், கயிற்றேணியும் சேர்ந்தது.

விளையாட்டில் பூசல் எழாதா? எழும். ஒவ்வொரு கற்றல் பொருளிலும் ஒன்றே ஒன்றைத்தான் மரியா வைத்தார். ஒருவன் அதனை வைத்துப் பயிலும்போது மற்றவன் காத்திருக்க வேண்டும். பறிக்கவும் கூடாது, ஆசிரியர் வாங்கித் தரவும் மாட்டார். வெவ்வேறு வயதினரை ஒன்றாக அமர்த்தினார்; சிறியவர் திணறும்போது, மூத்தவர் கேட்காமலே உதவக் கண்டார்.

1939 நவம்பரில் மரியா தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. உங்களுள் பலரைப் போல அவரும் மொழி அறியாத ஊருக்கு வந்தவரே. அவர் இத்தாலிய மொழியில் உரைத்ததை மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறினார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மரியோவைச் சிறைவைத்தது. தாயை அடையாற்றை விட்டு நீங்காதவாறு தடுத்தது. அவரது எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுதலை பெற்றுத் திரும்பினார்.

பின்பு கோடைக்கானலில் தங்கிய இரண்டு ஆண்டுகளில், பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து பயிலும் சிறு பள்ளி ஒன்றை மரியா நடத்தினார். மலைச்சரிவுகளில் குழந்தைகள் செடிகளையும் சிற்றுயிர்களையும் தேடி அலைந்தனர்; எழுபதைக் கடந்த அம்மூதாட்டி, அவர்கள் கொணர்ந்தவற்றை ஆர்வத்தோடு உற்று நோக்கினார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்து நாட்டின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில் அவர் காலமானார்.