இருளில் விளைந்த காப்பியம்

1608ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்த ஜான் மில்டன், இளமை தொட்டே நள்ளிரவுவரை விளக்கொளியில் நூல் பயின்றவர். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளில் வல்லவர். 1649இல் மன்னர் முதலாம் சார்லசுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுக் குடியரசு அமைந்தபோது, அவ்வரசின் அயல்மொழிச் செயலராகப் பொறுப்பேற்றார்.

குடியரசைச் சாடி வெளிவந்த நூலொன்றுக்கு மறுப்பெழுதும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போதே ஒரு கண் ஒளி இழந்திருந்தது. எழுதப் புகுந்தால் மற்றக் கண்ணும் போய்விடும் என மருத்துவர் எச்சரித்தனர். கடமையே பெரிதெனக் கொண்ட மில்டன் எழுதினார். 1651இல் மறுப்புநூல் வெளிவந்தது. 1652இல் பார்வை முற்றிலும் அவிந்தது. அதே ஆண்டில் மனைவியையும் ஒரே மகனையும் இழந்தார். மூன்று பெண்மக்கள் எஞ்சினர்.

கண்ணை விலையாகக் கொடுத்துப் போற்றிய குடியரசும் நிலைக்கவில்லை. 1660இல் முடியாட்சி மீண்டது. அவர்தம் நூல்கள் எரியூட்டப்பட்டன. அவரும் சிலகாலம் சிறையிருந்தார். பார்வையும் பதவியும் போய், நம்பிய கொள்கையும் தோற்ற அக்காலத்தேதான், வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் 'சுவர்க்க நீக்கம்' எனத் தமிழில் பெயரிட்ட பெருங்காப்பியம் வளர்ந்தது.

இரவெல்லாம் அடிகளை நெஞ்சில் யாத்து நிறுத்துவார். விடிந்ததும் எழுதுவோர் வரவை எதிர்நோக்கியிருப்பார். நாற்பது அடிகளை ஒரே மூச்சில் சொல்லிப் பின்னர் அவற்றைப் பாதியாகச் சுருக்குவதும் உண்டு என்பர். நினைவிற்குத் துணையாகும் இயைபுத் தொடையையும் அவர் வேண்டாமென விலக்கினார். ஓசை ஒழுக்கு ஒன்றையே நம்பிப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட அடிகளைப் பாடினார்.

இவ்வருஞ்செயலுக்குப் பிறரும் விலை கொடுத்தனர். இளைய மகளிர் இருவரும் பொருள் அறியாத மொழிநூல்களைத் தந்தைக்கு நாள்தோறும் படித்துக் காட்டினர். ஒலி கற்பிக்கப்பட்டதேயன்றி மொழி கற்பிக்கப்படவில்லை. அவர்தம் மனக்கசப்பை மில்டனின் வரலாறு மறைக்கவில்லை.

1667இல் காப்பியம் அச்சேறியது. ஒப்பந்தத்தின்போது கைக்கு வந்த தொகை 5 பவுன். 1671இல், கண்ணிழந்த வீரன் சாம்சனைத் தலைவனாக்கிய நாடகத்தையும் வெளியிட்டு, 1674இல் மறைந்தார்.

அக்காப்பியத்தின் முதற்காண்டக் கையெழுத்துப் படி நியூயார்க் நகரின் மார்கன் நூலகத்தில் இன்றும் உள்ளது. அதனை எழுதியது பிறர் கை; அதிலுள்ள ஒவ்வோர் அடியும் மில்டன் இருளில் கேட்டது.