அச்சுத் தொழிலாளர் விட்டுச்சென்ற அறம்

அமெரிக்க விடுதலைக்கு வழிகோலிய பெரியோருள் ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்ளின். மின்னலின் இயல்பை ஆராய்ந்த அறிஞராகவும், பாரிஸ் நகரில் தம் நாட்டுத் தூதராகவும் உலகம் அவரை அறியும். ஊராருக்காக அவர் செய்த தொண்டுகளை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர்.

1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்ற எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையாரின் 17 மக்களுள் 15ஆமவர். பள்ளிப்படிப்பு இரண்டே ஆண்டுகளில் நின்றது. 12ஆம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகினார். 16 வயதளவில் ஒரு நூலைப் படித்துப் புலால் உணவை விட்டார். அதனால் மிஞ்சிய காசுக்கு நூல்கள் வாங்கினார். அந்நோன்பு வாழ்நாள் முழுதும் நீடிக்கவில்லை. நூல்கள்மேல் கொண்ட பற்று நீடித்தது. 1723இல் பிலடெல்பியா சென்று, நண்பர் இருவர் தந்த கடனுதவியால் பின்னாளில் சொந்த அச்சகம் நடத்தினார்.

1731இல் நூலகம் ஒன்று நிறுவ முயன்றார். ஐம்பதின்மரிடம் ஆளுக்கு 40 ஷில்லிங் திரட்ட வேண்டியிருந்தது. ஒருவர் தம் பெயரால் நற்பணியை முன்மொழிந்தால், அவர் புகழ் தேடுகிறார் என ஊரார் ஐயுறுவதை அப்போது கண்டார். ஆகவே அது நண்பர் பலரின் திட்டம் என்று கூறித் தம்மை மறைத்துக்கொண்டார். பணி எளிதாயிற்று. பின்னர்ப் பல பணிகளிலும் அவ்வழியையே பின்பற்றினார்.

அதே ஆண்டில் அவர் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். கட்டடக் கொத்தர்களின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் ஒழுக்கத்தின் அடையாளங்களாகக் கொண்டது அச்சங்கம். இறைநம்பிக்கை, உடன்பிறப்புணர்வு, ஈகை ஆகியன அதன் கொள்கைகள். சமயப் பூசலுக்கு அவையில் இடமில்லை. 1734இல் பென்சில்வேனியா சங்கத்தின் தலைவரானார். அவ்வாண்டே அதன் விதிநூலைத் தம் அச்சகத்தில் பதிப்பித்தார். முதுமையில் பாரிஸில் ஒன்பது சகோதரிகள் எனப்பட்ட கிளைக்கும் தலைமை தாங்கினார்.

1736இல் தீயணைப்புத் தொண்டர் குழு அமைந்தது. மருத்துவர் தாமஸ் பாண்ட் ஏழையருக்கு மருத்துவமனை அமைக்க விரும்பியபோது ஃபிராங்ளின் துணை நின்றார். மக்கள் 2,000 பவுன் திரட்டினால் சட்டமன்றமும் 2,000 பவுன் தர வேண்டும் என்னும் ஏற்பாட்டை அவர் வகுத்தார். 1751இல் மருத்துவமனை உருவாயிற்று. விறகு குறைவாகச் செலவாகும் அடுப்பைக் கண்டறிந்து, அதற்குக் கிடைக்கவிருந்த தனியுரிமையையும் மறுத்தார். பிறர் கண்டுபிடிப்புகளால் தாம் பயன் பெறுவதுபோல் தம்முடையதும் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எனினும் அவர் வாழ்வில் ஒரு கறை உண்டு. உடன்பிறப்புணர்வைப் போற்றிய அவர் இல்லத்திலேயே அடிமைகள் ஏவல் செய்தனர். அவர் செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. காலப்போக்கில் மனம் மாறினார். 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1790 பிப்ரவரியில், அடிமை முறையை நீக்குமாறு வேண்டிய மனுவில் கையொப்பமிட்டு நாட்டின் பேரவைக்கு அனுப்பினார். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஏப்ரல் 17ஆம் நாள் 84ஆம் வயதில் மறைந்தார்.

இளமையில் தமக்குக் கிடைத்த கடனுதவியை அவர் மறக்கவில்லை. பொதுப் பதவிக்கு ஊதியம் கூடாது என்று கருதிய அவர், பென்சில்வேனியாவின் தலைவராகப் பெற்ற ஊதியத்திலிருந்து பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுன் உயிலில் எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த, 25 வயதுக்குட்பட்ட, மணமான இளைஞர்களுக்கு அப்பணம் 5 விழுக்காடு வட்டிக்குக் கடனாக வழங்கப்பட வேண்டும். திரும்பி வருவது மீண்டும் பிறருக்குச் செல்ல வேண்டும். 100 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பகுதி பொதுப்பணிக்கு. எஞ்சியது மேலும் 100 ஆண்டுகளுக்கு. பாஸ்டன் பகுதியால் தொழிற்கல்விக் கூடம் ஒன்று எழுந்தது. 1990இல் பாஸ்டன் நிதி ஏறத்தாழ 50 இலட்சம் டாலராகவும், பிலடெல்பியா நிதி 20 இலட்சம் டாலருக்கு மேலாகவும் வளர்ந்திருந்தன.

அவ்வுயிலில் அவர் தம்மை முதற்கண் அச்சுத் தொழிலாளர் என்றே குறித்தார். கல்லறையில் தம் பெயரும் மனைவியின் பெயரும் ஆண்டும் மட்டுமே பொறிக்க வேண்டும் என விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது.