காஜிமிர் மலேவிச்

சித்திரமென்றால் மரமோ, மனிதனோ, தெய்வ வடிவமோ, ஏதேனும் ஒன்றைக் கண்முன் காட்டவேண்டுமென்பது உலகத்தாரின் பொது அபிப்பிராயம். இவற்றில் ஒன்றையும் காட்டாமல், வெண்மையான திரையில் ஒரு கறுப்புச் சதுரத்தை மாத்திரம் எழுதி, அதுவும் சித்திரமே என்று நிலைநாட்ட முயன்றவர் காஜிமிர் மலேவிச். அதை ஒப்புவதும் ஒப்பாததும் ரசிகர்களின் இஷ்டம். ஆனால், புரட்சி செய்து பிறந்த ஒரு சர்க்கார் அச்சதுரத்தைக் கண்டு ஏன் அஞ்சிற்று என்பது அரசியலில் ஈடுபட்டோர் யாவரும் ஆராய வேண்டிய விஷயம். ஆதலின் அவருடைய சரிதையைச் சுருக்கிக் கூறுவோம்.

அவர் 1879-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையிலிருந்த உக்ரேனில், கீவ் பிரதேசத்தில், போலிஷ் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் பீட்டுக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளில் உத்தியோகம் பார்த்தவர். உத்தியோகத்தை முன்னிட்டுக் குடும்பம் ஊர் ஊராக மாறியதால், சிறுவர் கிராமங்களிலேயே வளர்ந்தார். குடியானவர்கள் தங்கள் வீடுகளை அலங்கரித்த சித்திர வேலையும், பெண்களின் பூத்தையலுமே அவருக்கு முதற்பாடம். வாலிபத்தில் கூர்ஸ்க் நகரத்து ரெயில்வே ஆபீஸில் படம் வரையும் வேலை பார்த்து ஜீவித்தார். பின்னர் மாஸ்கோ சென்று, ஐரோப்பாவில் அக்காலம் தோன்றிய புதிய சித்திர முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பயின்று பார்த்தார்.

1915-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கையில், பெட்ரோகிராட் நகரில் ஒரு கண்காட்சி நிகழ்ந்தது. அதில் மலேவிச் ஏறக்குறைய நாற்பது படங்களை வைத்தார். அவற்றில் ஒன்றே பக்கத்துக்கு 79.5 சென்டிமீட்டர் அளவுள்ள கறுப்புச் சதுரம். அதை அறையின் மூலையில், கூரைக்கு அருகே உயரத்தில் மாட்டினார். ருஷ்யர் இல்லங்களில் அம்மூலை திருவுருவப் படங்களுக்கு உரிய இடம். நம் வீடுகளில் பூஜை மாடம் எவ்வாறோ அவ்வாறு. விமர்சகர்கள் சீறியதில் வியப்பில்லை.

மலேவிச்சின் கொள்கை யாது? நிறத்துக்கும் வடிவத்துக்கும் தமக்கென ஓர் உயிருண்டு. அவை வேறொரு பொருளுக்கு ஊழியம் செய்ய வேண்டுவதில்லை என்பதே. சாகித்தியமில்லாத ராக ஆலாபனையைக் கேட்டு நாம் இன்புறுகிறோம். அங்கே பொருள் என்னவென்று எவரும் கேட்பதில்லை. காதுக்குக் கொடுத்த சுதந்திரத்தைக் கண்ணுக்கும் கொடுக்கவேண்டுமென்றார் அவர். தமது முறைக்குச் சுப்ரிமாடிஸம் எனப் பெயரிட்டார்.

1917-இல் புரட்சி வந்தது. மலேவிச் அதை மனமார வரவேற்றார். 1919-இல் வீதெப்ஸ்க் நகரத்துச் சித்திரக் கலாசாலையில் ஆசிரியரானார். மாணவர்கள் கறுப்புச் சதுரத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டனர். விழா நாட்களில் நகரத்தின் சுவர்களில் சதுரங்களும் வட்டங்களும் நிறைந்தன. இங்கே ஒன்றை மறையாமல் சொல்லவேண்டும். அக்கலாசாலையை ஸ்தாபித்தவர் ஷகால் என்னும் பெரிய சித்திரக்காரர். அவருடைய மாணவர்கள் மலேவிச்சின் பக்கம் சாய்ந்தமையால், அவர் 1920-இல் ஊரை விட்டே அகன்றார். தம் வழியே ஒரே வழியென்னும் பிடிவாதம் மலேவிச்சிடமும் இருந்தது. பிற்காலத்தில் அதே பிடிவாதம், அதிகாரத்தின் பலத்துடன் அவர் மீதே திரும்பியது.

லெனின்கிராட்டில் அவர் தலைமை வகித்த கலை ஆராய்ச்சி ஸ்தாபனத்தைப் பத்திரிகையொன்று கடுமையாகத் தாக்கியது; 1926-இல் ஸ்தாபனம் மூடப்பட்டது. 1927-இல் வார்ஸாவுக்கும் பெர்லினுக்கும் சென்று தம் படங்களைக் காட்டினார். திடீரெனத் தாய்நாடு திரும்ப நேர்ந்தபோது படங்களைப் பெர்லினிலேயே விட்டுவந்தார். 1930-இல் அவரைக் கைது செய்து, அந்நியர் தொடர்பு பற்றி விசாரித்துக் காவலில் வைத்தனர். 1932-இல் கலைஞர்களின் தனிச் சங்கங்களெல்லாம் கலைக்கப்பட்டன. சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி, சர்க்காரின் லக்ஷ்யத்தைப் புகழ்ந்து எழுதுவதே கலை என்றாயிற்று.

மலேவிச் மீண்டும் மனித உருவங்களை எழுதினார். அவர் எழுதிய குடியானவர் பலருக்கு முகமில்லை. நிலங்களைப் பலவந்தமாகப் பொதுவாக்கிய கொடுமையில் உக்ரேன் கிராமங்கள் சீரழிந்த காலம் அது. 1933-இல் தம் உருவத்தையே எழுதி, கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு சிறு கறுப்புச் சதுரத்தை மூலையில் இட்டார். பணிந்தார் என்று சொல்வாருக்கு அதுவே பதில்.

1935-ஆம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி புற்றுநோயால் காலமானார். கறுப்புச் சதுரம் அவருடைய தலைமாட்டுச் சுவரில் தொங்கிற்று. இறுதி ஊர்வல வண்டியின் முகப்பிலும் அதுவே விளங்கிற்று. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் அச்சித்திரம் சோவியத் பொதுஜனங்களின் கண்ணில் படாமல் கிடங்கில் கிடந்தது. பெர்லினில் விட்டுவந்த படங்கள் ஹிட்லர் ஆட்சியில் ஒளித்துவைக்கப்பட்டுத் தப்பின. அவற்றிற் பலவற்றை 1958-இல் ஆம்ஸ்டர்டாம் சித்திரசாலை வாங்கியது. 1988-இல் லெனின்கிராட்டிலேயே அவர் படங்களின் பெருங் கண்காட்சி நடந்தது.

ஜனங்களுக்கு விளங்காத கலையால் பயனென்ன என்று கேட்பது நியாயமே. அதை நாமும் கேட்போம். ஆனால் அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பார்ப்போரும் காலமுமே, போலீஸார் அல்லர். யாரையும் வையாமல், யாரையும் புகழாமல் இருந்த ஒரு சதுரத்தை அச்சர்க்கார் பொறுக்கவில்லை. தன் ஆணையின்றிப் பிறந்தது என்பதே அதன் குற்றம். விடுதலைக்காகப் போராடி அதிகாரத்துக்கு வருவோர், தமக்கு விளங்காததையும் வாழவிடும் மனப்பான்மையை முன்னரே பழகிக்கொள்ள வேண்டும். வெற்றிக்குப் பின் பழகிக்கொள்ளலாமென்பது நடவாத காரியம் என்பதற்கு மலேவிச்சின் வாழ்க்கையே சாக்ஷி.