பொற்கொல்லர் மகன் டியூரர்

பூவிருந்தவல்லிப் பாத்திரக் கடைகளில் உளிகொண்டு பெயர் வெட்டுவோரை நாம் கண்டிருக்கிறோம். அங்கே கோடு எழுத்தாகிறது. அக்கோட்டையே நிழலாக்கிக் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் ஆல்பிரெக்ட் டியூரர்.

செருமனியின் நியூரம்பெர்க் நகரில், பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1471-இல் பிறந்தார்; தந்தையிடமே தொழில் பயின்றார். ஓவியத்தில் மனம் சென்றதை அவர் தெரிவித்தபோது, பயிற்றிய காலமெல்லாம் வீணாயிற்றே எனத் தந்தை வருந்தினார். ஆயினும் இணங்கி, 1486-இல் வோல்கெமுட் என்னும் ஓவியரிடம் சேர்த்தார்.

பொற்பட்டறையில் பழகிய உளி பின்னர்ச் செப்புத் தகட்டில் ஓடியது. வெட்டிய கோடுகளில் மை நிரப்பித் தாளில் ஒற்றுவர். வண்ணத்திற்கு அங்கே இடமில்லை. ஒளியும் இருளும் கோட்டினாலேயே பிறத்தல் வேண்டும். கோடுகள் நெருங்கினால் இருள், விலகினால் ஒளி. உளியை ஆழ அழுத்தினால் கோடு தடிக்கும். உடலின் வளைவைத் தழுவி வளைந்தால் திரட்சி தோன்றும். ஒரு வரிசையின்மேல் மற்றொரு வரிசை குறுக்கே சென்றால் நிழல் ஆழ்ந்துவிடும். 1513-இல் அவர் வெட்டிய குதிரைவீரன் படத்தில் குதிரையின் தசை புடைத்து முன்நிற்பதும், பாறை இருண்டு பின்செல்வதும் இக்கணக்கினால்தான். அவருடைய வண்ண ஓவியங்களினும் இத்தகட்டு வேலைகளையே நாம் உயர்வாகக் கருதுகிறோம்.

டியூரர் 1528-இல் மறைந்தார். தந்தையோ 1502-இலேயே காலமாகிவிட்டார். அக்குதிரையை அவர் காணவில்லை.