பூமியின் மையத்துக்கு வழிகாட்டிய ‘அழுத்த’ விஞ்ஞானி: யார் இந்த பெர்சி பிரிட்ஜ்மன்?

பூமியின் மையத்தில் இருப்பது பெரும்பாலும் இரும்பு என்று ஸ்கூலில் படித்திருப்போம். ஆனால், அங்கே யாரும் போனதில்லை. மனிதர்கள் தோண்டிய மிக ஆழமான துளையே சுமார் 12 கி.மீ. தான். மையமோ 6,370 கி.மீ. கீழே! அங்கே அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 36 லட்சம் மடங்கு. வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்புறம் எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றாங்க?

அந்தப் பதிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், அமெரிக்க இயற்பியலாளர் பெர்சி வில்லியம்ஸ் பிரிட்ஜ்மன். 1882-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1900-ல் மாணவராக ஹார்வர்டில் நுழைந்தவர், வாழ்நாள் முழுக்க அங்கேயே ஆய்வு செய்தார்.

லீக் ஆகாத மூடி

அன்று பெரிய தலைவலி, லீக். சுமார் 3,000 மடங்கு அழுத்தத்தைத் தாண்டினாலே வாஷர் வழியே திரவம் பீய்ச்சி அடிக்கும். பிரிட்ஜ்மன் யோசனையைத் திருப்பிப் போட்டார். திரவம் தள்ளும் மொத்த விசையும் அதைவிடச் சிறிய பரப்புள்ள வாஷர் மேல் விழும்படி அமைத்தார். இதனால் வாஷரில் உள்ள அழுத்தம் எப்போதும் திரவத்தைவிட ஒரு படி அதிகம். அழுத்தம் ஏற ஏற, மூடி இன்னும் இறுகும்! இனி தடை கருவியின் உலோகம் தாங்கும் வலிமை மட்டும்தான். படிப்படியாக ஒரு லட்சம் மடங்கைத் தொட்டார்.

உலோகங்களை ஒவ்வொன்றாக அழுத்தி, எவ்வளவு சுருங்குகிறது, மின்தடை எப்படி மாறுகிறது என்று அளந்தார். பிஸ்மத் போன்றவை ஒரு கட்டத்தில் சட்டெனச் சுருங்கி வேறு அமைப்புக்குத் தாவுவதையும் பதிவு செய்தார். 1946-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு லட்சத்திலிருந்து 36 லட்சத்துக்கு

மீதி தூரத்தைக் கணக்கால்தான் கடக்க முடியும். அதைச் செய்தவர் பிரிட்ஜ்மனின் மாணவர் பிரான்சிஸ் பர்ச். 1947-ல் அவர் வெளியிட்ட சமன்பாடு, ஆய்வகத்தில் அளந்த சுருக்கத்தை வைத்து அதிக அழுத்தத்தில் என்ன நடக்கும் எனக் கணிக்க உதவுகிறது. 1952-ல் இந்தக் கணிப்பை நிலநடுக்க அலைகளின் வேகத்தோடு ஒப்பிட்டார். உள்மையம் திட இரும்பு, வெளிமையம் லேசான தனிமங்கள் கலந்த இரும்புக் குழம்பு என்ற முடிவுக்கு வந்தார். பர்ச்–மர்னகன் சமன்பாடு இன்றைய கம்ப்யூட்டர் மாடல்களிலும் புழங்குகிறது.

இன்னொரு பக்கம்

1939-ல், சர்வாதிகார நாடுகளின் விஞ்ஞானிகளுக்குத் தன் ஆய்வகத்தில் இடமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார் பிரிட்ஜ்மன். அறிவியல் சுதந்திரம் தவறான கைகளுக்கு ஆயுதமாகிவிடக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால், போர்க்காலத்தில் அவரே யுரேனியம், புளூட்டோனியம் எவ்வளவு சுருங்கும் என்று அணுகுண்டுத் திட்டத்துக்காக அளந்து கொடுத்தார். உலோகத்தின் குணம் ஒன்றுதான்; அதை வைத்து பூமியையும் படிக்கலாம், குண்டும் செய்யலாம்.

1961-ல் அவர் மறைந்தார். பூமியில் மிக அதிகமாக இருக்கும் கனிமத்துக்கு 2014-ல் ‘பிரிட்ஜ்மனைட்’ என்று பெயர் வைத்தார்கள். அது இருப்பது எங்கே தெரியுமா? 660 கி.மீ.க்கும் கீழே, அதீத அழுத்தத்தில்!